ஷட்டர் இறங்காமல் காம்ப்ளக்ஸை விரிவாக்குவது எப்படி

கடைகள் நடந்துகொண்டிருக்கும் காம்ப்ளக்ஸைப் பெரிதாக்க நினைக்கும் ஓனர் இன்ஜினீயரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை சதுர அடி ஏத்தலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று. வேலை நடக்கும் காலம் முழுக்க வாடிக்கையாளர் எந்த வழியாக உள்ளே வருவார்? டூவீலரை எங்கே நிறுத்துவார்? கடைகளுக்குக் கரண்டும் தண்ணீரும் எந்தப் பாதையில் வரும்? இந்த மூன்றையும் மாதவாரியாக வரைபடத்தில் போட்டபின் மிஞ்சும் இடமும் நேரமும்தான் கட்டுமானத்துக்கு. வரிசையை மாற்றினால் அஸ்திவாரம் முடிவதற்குள் பாதிக் கடைக்காரர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு நிற்பார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மதுரையில் சாதாரணமாகப் பார்க்கும் ஓர் அளவை வைத்து: தரைத்தளமும் முதல் மாடியுமாக இருபது கடை, பின்னால் சுமார் 5,000 சதுர அடி காலி இடம்.

மேலே ஏற்றுவதா, பின்னால் நீட்டுவதா

மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்ட அனுமதி கிடையாது. தரையும் இரண்டு மாடியும் என்பதே இழுத்துப் பிடித்துத்தான் வரும். கே.கே. நகர், பைபாஸ் ரோடு, ஒத்தக்கடை பக்கம் என்றால் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரையுள்ள கட்டடம் 'உயரமான கட்டடம்' என்ற கணக்கில் வராது. ஆனால் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு என்பதில் பழைய கட்டடத்தின் பரப்பும் சேரும். 10,000 சதுர அடி மனையில் ஏற்கெனவே 9,000 கட்டியிருந்தால், மிச்சம் 11,000தான்.

அதனால் வேலையின் முதல் வாரம் பழைய அனுமதி வரைபடத்தைத் தேடி எடுத்து, டேப் பிடித்து அளப்பதில் போக வேண்டும். பக்கவாட்டு இடைவெளியில் யாரோ எப்போதோ போட்ட ஷெட், மொட்டை மாடியில் வளர்ந்த குடோன் எல்லாம் இப்போதுதான் வெளியே வரும். வணிகக் கட்டடத்துக்குப் பணிநிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வாங்குவது கஷ்டம். பழைய விதிமீறல் ஒன்று, கட்டி முடித்த புதுக் கடைகளை இருட்டிலேயே வைத்திருக்கும்.

கீழே வியாபாரம் நடக்கும்போது மேலே மாடி ஏற்றுவதை எங்கள் கணக்கில் கடைசித் தேர்வாகத்தான் வைப்போம். மேல்தளத்தில் இடிக்கும் ஒவ்வொரு அடியும் கீழ்க்கடையின் கண்ணாடி ஷோகேஸில் கேட்கும். பழைய தளத்தின் தட்டோட்டைக் கொத்தி எடுத்த அன்று கோடை மழை பெய்தால் சரக்கு நனையும். வேறு வழியே இல்லையென்றால், இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டி, பில்லரைத் தாங்கும் அடிமானமான ஃபுட்டிங்கின் அகலத்தையும் ஆழத்தையும் நேரில் அளக்க வேண்டும். பில்லரிலும் பீமிலும் கோர், அதாவது உருளையாக அறுத்த கான்கிரீட் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது: குறைந்தது மூன்று கோர், சராசரி பலம் அந்தக் கான்கிரீட் கிரேடின் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

மொட்டை மாடியில் "பின்னாடி மாடி போட்டுக்கலாம்" என்று விட்டு வைத்த கம்பிகளை நம்பி வேலையைத் தொடங்குபவர்கள் நம் ஊரில் ஏராளம். பதினைந்து இருபது வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பி அது. துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளந்து பாருங்கள், 16 மி.மீ. கம்பி கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் 13 ஆகியிருக்கும். மடக்கி வைத்ததை நிமிர்த்தினால் அதே இடத்தில் விரிசல் விடும். வெட்டிவிட்டு ரசாயன ஆங்கரில் புதுக் கம்பி நடுவதே சரி. 16 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. துளை, காற்றடித்து, பிரஷ் விட்டு, மறுபடி காற்றடித்துத் தூசியை முழுக்க எடுத்தபின்தான் பசை. தூசி இருந்தால் கம்பி கையோடு உருவிக்கொண்டு வரும்.

பழையதை ஒட்டித் தோண்டும்போது

பின்னால் நீட்டுவதில் ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. பழைய ஃபுட்டிங்கின் அடிவிளிம்பிலிருந்து 45 டிகிரி சரிவில் ஒரு கோடு கீழே இறங்குவதாக வையுங்கள்; புதுக் குழி அந்தக் கோட்டுக்குள் நுழையக் கூடாது. நுழைந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு நடுத்துண்டைத் தொட வேண்டும். ஜே.சி.பி. வாடகைக்கு வந்திருக்கிறதே என்று ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டினால், பழைய சுவரில் படிக்கட்டு போல விரிசல் ஏறும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பலகை முட்டு கட்டாயம்.

இதைத் தவிர்க்க நல்ல வழி, புதுப் பில்லரைப் பழைய சுவரை ஒட்டி வைக்காமல் ஆறேழு அடி தள்ளி நிறுத்தி, அங்கிருந்து பீமைக் காண்டிலீவராக, அதாவது நுனியில் தாங்கல் இல்லாமல் நீட்டி வருவது. பழைய ஃபுட்டிங்கைத் தொட வேண்டியதே இல்லை.

புது பீமைப் பழைய பில்லரில் கோர்க்கவும் வேண்டாம். பழைய கட்டடம் இறங்க வேண்டிய அளவு இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் உட்காரும். இரண்டையும் கட்டிப்போட்டால் விரிசல் நிச்சயம். தனித்தனிப் பில்லர், இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் 50 மி.மீ. இடைவெளி (இதுதான் ஜாயிண்ட்), அதில் அமுங்கக்கூடிய நிரப்புப் பலகை. இடைவெளிக்குள் கலவைக் கட்டி, ஆணி, சென்ட்ரிங் பலகைத் துண்டு எதுவும் விழுந்து கிடக்காமல் ஒவ்வொரு தளம் முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்பவர்கள் குறைவு.

மண் ஊருக்குள்ளேயே மாறும். திருமங்கலம் பக்கம் கரிசல், வைகையை ஒட்டிய பகுதிகளில் மணல், ஒத்தக்கடை, திருப்பரங்குன்றம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். கடைக்குப் பின்னால் பாறை வந்தால் வெடி வைக்க முடியாது. பிரேக்கர் வைத்தால் பக்கத்து நகைக்கடையின் கண்ணாடி அதிரும். துளை போட்டு, விரியும் ரசாயனப் பொடியைத் தண்ணீரில் குழைத்து மாலையில் ஊற்றிவிட்டால் மறுநாள் பாறை பிளந்திருக்கும். செலவு கூடுதல்தான். ஆனால் சத்தமும் அதிர்வும் இல்லை. ஊற்றிய துளையை யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, பொடி சில சமயம் பீறிட்டு அடிக்கும்.

தோண்டும் முன் பழைய கடைகளில் இருக்கும் விரிசல்களை எல்லாம் கடைக்காரர் முன்னிலையில் போட்டோ எடுத்து, இரண்டு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டுவிடுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

எந்த மாதம் எதைச் செய்வது

வியாபாரக் காலண்டரும் மழைக் காலண்டரும் சேர்ந்துதான் அட்டவணையை எழுதும். தைப் பொங்கல் முடிந்து பங்குனி வரை மழையும் குறைவு, பெரிய பண்டிகையும் இல்லை. தோண்டுவது, அஸ்திவாரம், இடிப்பு எல்லாம் இந்தப் பத்து வாரத்துக்குள். சித்திரைத் திருவிழாவின்போது தேரோடும் மாசி வீதிகளிலும், அழகர் வரும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கமும் லாரி நுழையாது. கம்பியும் எம்-சாண்டும் முன்கூட்டியே இறங்கியிருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பு, யூனிஃபார்ம் கடையும் நோட்டுக் கடையும் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சீசன். ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கு. புரட்டாசி பாதியிலிருந்து தீபாவளி வரை முன்பக்கத்தில் ஒரு சாரக்கம்புகூட நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அக்டோபர்தான் மதுரையில் அதிகம் மழை பெய்யும் மாதம். அதற்குள் புதுக் கட்டடத்தின் மேல்தளமும் ஜாயிண்டின் மூடியும் முடிந்திருக்க வேண்டும்.

ஒரு நாளுக்குள் சத்தத்தைப் பங்கிடுவதில் சிக்கல் இருக்கிறது. கடைக்காரர்கள் "ராத்திரி ஒடைச்சுக்கங்க" என்பார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம் என்கிறது ஒலி விதி. வணிகப் பகுதியில் அப்போது 55 டெசிபல்தான், பகலில் 65. கைக்குக் கிடைப்பது காலை 6 முதல் 9.30 வரை. இடிப்பு, சிப்பிங், துளை போடுவது அந்த மூன்றரை மணி நேரத்தில். அதன்பின் கம்பி கட்டுவது, சென்ட்ரிங், பூச்சு. இரவில் சரக்கு நகர்த்துவதும் வயரிங்கும்.

தடுப்பு, தூசி, நடைபாதை

கலர் ஷீட்டில் ஏழடி வேலி போட்டுவிட்டுத் தடுப்பு முடிந்தது என்பார்கள். தூசி மேலே போய் ஃபால்ஸ் சீலிங் வழியாக ஏ.சி.யின் ரிட்டர்ன் காற்றில் கலந்து கடைக்குள் இறங்கும். தடுப்பு தளத்தின் அடிவரை, அதாவது ஃபால்ஸ் சீலிங்குக்கும் மேலே வரை போக வேண்டும். உள்பக்கம் 12 மி.மீ. ப்ளைவுட், வெளிப்பக்கம் கனத்த பாலிதீன், மூட்டுகளில் டேப், அடியில் ஃபோம் பட்டை. வேலை நடக்கும் பக்கத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே பார்த்து ஓடினால் காற்று கடையிலிருந்து அந்தப் பக்கம் இழுக்குமே தவிர, தூசி இந்தப் பக்கம் வராது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி ஒன்றைத் தடுப்பின் இடுக்கில் காட்டுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் தெரிந்துவிடும். டைல்ஸும் கிரானைட்டும் தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும். பட்டுக் கடையும் சுங்குடிக் கடையும் உள்ள இடமென்றால் ஏ.சி. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

நடைபாதை எட்டடி அகலமாவது வேண்டும். இரண்டு கையிலும் பையோடு வரும் இருவர் எதிரெதிரே போக அதுதான் அளவு. சாரத்துக்கு அடியில் பாதை போனால் மேலே வெறும் தகரம் போதாது, செங்கல் ஒன்று விழுந்தால் கிழித்துக்கொண்டு வரும். ஆங்கிள் சட்டத்தின் மேல் இரண்டு அங்குலப் பலகை, அதன் மேல் தகரம்.

டூவீலர் விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து டூவீலர் நிற்கும். பார்க்கிங் இடத்தில் ஜல்லி கொட்டினால், வண்டியை எங்கே விடுவது என்று தெரியாத வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கார் இடத்தைச் சுருக்கியாவது டூவீலர் இடத்தைக் காப்பாற்றுங்கள்.

நகைக்கடை, அடகுக்கடை இருந்தால் பின்சுவரை ஒட்டி நிற்கும் சாரம் திருடனுக்குப் படிக்கட்டு. சாயங்காலம் கீழ்த்தட்டு ஏணியை எடுத்துப் பூட்டுவது, வெளிச்சம், கேமரா மூன்றும் சாரம் ஏறும் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

தீ

2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் பற்றிய தீயையும், 2020 தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை இருந்த பழைய கட்டடம் தீயில் இடிந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்ததையும் மதுரை மறந்திருக்காது. கட்டுமானத்தின்போது ஆபத்து கூடுகிறது, ஏனென்றால் வெல்டிங் பொறி பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் உள்ள அந்த 50 மி.மீ. இடுக்கில் விழுந்து மணிக்கணக்கில் கனியும். வெல்டிங், கட்டிங் நடக்கும் இடத்திலிருந்து 35 அடிக்குள் துணி, அட்டைப் பெட்டி, தெர்மகோல் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புத் துணியால் மூட வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒருவர் தீயணைப்பானோடு அங்கேயே உட்கார வேண்டும். சாயங்காலம் ஆறுக்குப் பின் வெல்டிங் வேண்டாம். ஆட்கள் கிளம்பும் அவசரத்தில் அந்த ஒரு மணி நேரம் காணாமல் போகும்.

வெளியேறும் வழிக் கணக்கு இப்படி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கடைகளுக்குத் தரைத்தளத்தில் 3 சதுர மீட்டருக்கு ஒருவர், மேல்தளத்தில் 6-க்கு ஒருவர் என்று வைக்கிறது. 5,000 சதுர அடி, அதாவது சுமார் 465 சதுர மீட்டர் தரைத்தளத்தில் 155 பேர். படிக்கட்டு குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலம், எங்கிருந்தும் 30 மீட்டருக்குள் வெளியேறும் வழி. இருக்கும் இரண்டு படிக்கட்டில் ஒன்றைத் தடுப்புக்குள் விட வேண்டியிருந்தால், இரும்பில் தற்காலிகப் படி நட்டு, அது தயாரான பிறகுதான் பழையதை மூட வேண்டும். ஒரு நாள்கூட நடுவில் விடக் கூடாது.

கரண்ட் மாற்றும் இரவு

கட்டுமானத்துக்குத் தனித் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். கடை மீட்டரிலிருந்து இழுத்தால் கட்டண வகை மாறி மின்வாரியத்தில் வம்பு. வெல்டிங் செட் ஓடும்போது கடைகளில் லைட் மினுங்கும். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஒரு டிரில்லிங் மெஷின்கூட ஓடக் கூடாது.

பழைய மெயின் போர்டிலிருந்து புதுப் போர்டுக்குக் கடைகளை மாற்றுவதுதான் மொத்த வேலையிலும் மிக நுணுக்கமான இரவு. ஒரே இரவில் இருபது கடையும் வேண்டாம், ஆறேழாகப் பிரியுங்கள். சர்வீஸ் பக்கம் கேபிளைத் தொட வேண்டிய வேலையை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளோடு சேர்த்துக் கேட்டு வாங்கினால் ஒரு மின்தடை மிச்சம்.

1. ஒவ்வொரு கடைக்கும் எந்த பேஸ் போகிறது என்று ஒரு வாரம் முன்பே அளந்து, வயரின் இரு முனையிலும் கடை எண் டேக் கட்டுங்கள்.
2. ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி உள்ள கடைகளுக்கு ஜெனரேட்டரிலிருந்து தனி வயர். மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.
3. எல்லாக் கடையின் எம்.சி.பி.யையும் இறக்கி வைத்துவிட்டு மாற்றுங்கள்.
4. முதலில் நியூட்ரல். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி மார்க்கரில் கோடு போடுங்கள்.
5. சப்ளை வந்ததும், கடை எம்.சி.பி.யை ஏற்றும் முன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளங்கள். 230 வோல்ட் அருகில் வர வேண்டும்.

ஐந்தாவதைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? பொது நியூட்ரல் தளர்ந்திருந்தால் ஒரு கடையில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும், இன்னொன்றில் 100-க்கு இறங்கும். மூன்று மொபைல் கடைகளின் சார்ஜரும், பில் போடும் கம்ப்யூட்டரும் ஒரே நிமிஷத்தில் புகையும். அதேபோல லிஃப்ட்டையும் பெரிய ஏ.சி.யையும் போடும் முன் பேஸ் வரிசையை மீட்டரில் பாருங்கள். இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும்.

பூமிக்கடியில் போகும் இன்டர்நெட் ஃபைபரும் இதே அளவு முக்கியம். அது அறுந்தால் ஸ்வைப் மெஷின் நிற்கும், சில்லறை இல்லாத வாடிக்கையாளர் வெறுங்கையோடு போவார். கேபிள், தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை எங்கே போகிறது என்று தெரியாத இடத்தில் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் மட்டுமே தோண்ட வேண்டும்.

தளக் கான்கிரீட்

5,000 சதுர அடிக்கு 6 அங்குலத் தளம் என்றால் 71 கன மீட்டர். பீமையும் சேர்த்தால் 90 அருகில் வரும். 6 கன மீட்டர் லாரியில் பதினைந்து வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுக்கு முதல் வண்டி வாசலில் நின்றால் பதினொன்றுக்குள் முடிக்கலாம். பம்ப் சாலையை அடைக்கும் என்பதால் போக்குவரத்துப் போலீஸிடமும் மாநகராட்சியிடமும் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக் கையில் வைத்திருங்கள். கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும். நெரிசலில் மாட்டி இறுகி வந்த வண்டியில் டிரைவர் தண்ணீர் ஊற்ற அனுமதிக்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

முட்டு பிரிக்கும் நாள் பாதையைத் தீர்மானிக்கும். 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு 14 நாள், 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். வாடிக்கையாளர் பாதை அந்தத் தளத்துக்கு அடியில் வருமென்றால், மூன்று வாரத்துக்கு வேறு பாதை தயாராக இருக்க வேண்டும்.

கடைக்காரரோடு பேசி வைக்க வேண்டியது

தடுப்பு ஏறும் முன்பே வாடகைக் கழிவை எழுத்தில் முடியுங்கள். கடையின் முகப்பில் எத்தனை அடி மறைகிறது, எத்தனை மாதம் என்பதோடு கழிவை இணைத்தால் சண்டை குறைவு. எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்றால் மூலைக்கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். வாடகைதாரரின் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதியை ஓனர் நிறுத்தக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. திட்டமிட்ட மின்தடைக்கு ஏழு நாள் முன்னும், முந்தைய நாளும் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போடுங்கள். "அண்ணே, இன்னும் எத்தன நாளுண்ணே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்கட்டும். இன்ஜினீயர் ஒன்று, மேஸ்திரி ஒன்று, ஓனர் ஒன்று சொன்னால் மூன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சிலரைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு அவர்கள் காலி செய்த கடைகளைப் புதுப்பிப்பதாக இருந்தால், இரண்டு கடையாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அடுத்தவர் போய் உட்கார அதுதான் இடம். கடை எண் மாறினால் ஜி.எஸ்.டி. பதிவில் முகவரியை 15 நாளுக்குள் திருத்த வேண்டும். உணவுக் கடையென்றால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும். ஒப்பந்ததாரரின் காப்பீட்டில் மூன்றாம் நபர் சேதமும் ஏற்கெனவே உள்ள கட்டடமும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். கடைக்காரர்கள் தங்கள் தீ காப்பீட்டு நிறுவனத்துக்குப் பக்கத்தில் வேலை நடப்பதை எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் இழப்பீடு இழுக்கும்.

சுவரை உடைப்பது கடைசியில்

புதுக் கட்டடத்தில் டைல்ஸ், லைட், தீயணைப்புக் குழாய் எல்லாம் முடிந்தபின்தான் பழைய சுவரைத் திறக்க வேண்டும். உடைப்பது புதுப்பக்கத்திலிருந்து, திறப்புக்கு மேலே குறுக்குச் சட்டமான லிண்டல் தாங்கிய பிறகு. முன்பே திறந்தால் மாதக்கணக்கில் தூசியும் திருட்டுப் பயமும்.

மட்டத்தைத் தளக் கான்கிரீட்டில் பார்க்காமல் டைல்ஸ் மேல்முகத்தில் பாருங்கள். பழைய கடையில் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், ஓர் அங்குலம் ஏறியிருக்கும். பத்து மி.மீ. வித்தியாசமே காலை இடறும். வித்தியாசம் தவிர்க்க முடியாதென்றால் 1:12 சரிவு கொடுங்கள், ஒற்றைப் படி வேண்டாம். ஜாயிண்டின் இரு பக்கமும் கடைசி இரண்டு வரி டைல்ஸை மட்டும் நிறுத்தி வைத்து, புதுக் கட்டடத்தில் சரக்கு ஏறி எடை உட்கார்ந்த பிறகு ஒட்டி, அலுமினிய மூடித்தகட்டை ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ செய்யுங்கள். இரு பக்கமும் முடுக்கினால் தகடு வளைந்து எழும்பும்.

மொட்டை மாடியில் ஜாயிண்டின் இருபுறமும் 6 அங்குலம் கட்டை எழுப்பி, மேலே தொப்பி போல உலோகத் தகடு கவிழ்க்க வேண்டும். வெறும் சீலன்ட் மட்டும் அடைத்தால் மதுரை வெயிலில் இரண்டு கோடையில் விட்டுவிடும். ஐப்பசியில் தண்ணீர் இறங்குவது பழைய கடையின் சரக்கு மேல்தான். கட்டையோரம் வரை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழே ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பாருங்கள். ஒப்பந்ததாரருக்கான கடைசி 5 சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் கண்ட பிறகு விடுவதாக முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.